கால் கிலோ சிவப்பு கிரீஸ்

எதுக்குன்னு சொல்லுங்க தம்பி. கிரீஸ் வேணும்னா எதுக்கு? வண்டிக்குத்தான்னு எனக்கும் தெரியுது. தலைக்குத் தடவவா கேக்கப் போறீங்க? வண்டியில எந்த எடத்துக்கு? கோவிச்சுக்கிறாதீங்க. இந்தக் கடையில அதச் சொல்லாம கிரீஸ் கெடைக்காது. அடுத்த கடையில கேட்டீங்கன்னா ஒரு வார்த்த பேசாம எடுத்து நீட்டிருவாக. அங்க போறதுன்னாலும் போங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

முன் சக்கரத்துக்கா? ஆக்சில் ஜாயிண்டா? அத மூடியிருக்குற ரப்பர் உறை, பூட்டும்பாகளே, அது கிழிஞ்சிருச்சாக்கும். அப்பிடி வாங்க வழிக்கு. திருப்பத்துல கட்டக் கட்டக்னு சத்தம் வருதா? வரலையா? நல்லாத் தெரியுமா? ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, மெதுவா ஒரு வட்டம் போட்டுக் காது குடுத்துக் கேட்டீங்களா? சரி, சத்தம் வரலேன்னா பொழச்சீங்க. பூட்ட மட்டும் மாத்தி, கழுவி, நல்ல கிரீஸ் வச்சா ஓடும்.

யாரு மெக்கானிக்கு? பரமனா? பெட்ரோல் பங்குக்குப் பின்னால தகரக் கொட்டாயி போட்டிருக்கானே, அவனா? நல்ல கைக்காரன். ஆனா வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு இந்நேரம் சாப்பிடப் போயிருப்பான். நீங்க ஓடிப்போயி அங்க நின்னு மழையில நனையப் போறீங்க, அவ்வளவுதான். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காருங்க.

இந்தா பாருங்க, இது சிவப்பு. சக்கரத்துப் பேரிங்குக்கு இது. லாரி, ஜீப்புக்கெல்லாம் நடுவுல நீளமா ஒரு சாப்ட்டு போகும்ல, அதுல இருக்குற கிராஸ் ஜாயிண்டுக்கும் இதுதான். கிரீஸ் அடிக்கிற கன்னுல வச்சு அடிப்பாக. இந்த மஞ்சக் கலரு சும்மா, கதவுக் கீலுக்கு, சைக்கிளுக்கு. உங்களுக்கு வேணுங்கிறது இது, கறுப்பு. மாலி கிரீஸ். கையில தொட்டுப் பாருங்க, பென்சில் கரி மாதிரி ஒட்டுதா? அந்த ஜாயிண்டுக்குள்ள குண்டு குண்டா இருக்கும். அது உருளுறது மட்டுமில்ல, வழுக்கி வழுக்கித் தேய்க்கும். அந்தத் தேய்ப்புக்குச் சிவப்பு தாங்காது. கறுப்புல இருக்குற அந்தப் பொடிதான் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல நின்னு அடி வாங்கும். அதுக்காகக் கலர மட்டும் நம்பீறாதீங்க. இப்ப எல்லாப் பயலும் சாயத்தப் போட்டு விக்கிறான். டப்பா மேல மாலின்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாக்கணும்.

பழசு மேலயே புதுசத் திணிக்க விடாதீங்க. ஒரு கிரீஸுக்கும் இன்னொரு கிரீஸுக்கும் சில சமயம் ஒத்துக்காது. ரெண்டும் சேந்து மோரு மாதிரி நீத்துப்போயி வழிஞ்சிரும். சுத்தமாக் கழுவித் தொடச்சுட்டு வைக்கச் சொல்லுங்க. ரொம்பவும் அமுக்கக் கூடாது, பூட்டு ஊதிக்கும். பரமனுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்க.

என்னடா கால் கிலோ கிரீஸுக்கு இம்புட்டுப் பேசுறானேன்னு பாக்குறீங்க. எல்லாரும் அப்பிடித்தான் பாக்குறாக. முன்ன நான் இப்பிடி இல்ல தம்பி. கேட்டத எடுத்து வைப்பேன், வாயத் தொறக்க மாட்டேன். இந்தக் கம்பம் பஸ்டாண்டுல போயி ஊமைக் கடை எங்கன்னு கேட்டீங்கன்னா தவமணி கடையத்தான் காட்டுவாக. என் பேரு தவமணி. அது ஒரு மருவாதை அப்ப. கடைக்காரன்னா அப்பிடித்தான் இருக்கணும்னு நெனச்சேன்.

எனக்கு ஒரே தங்கச்சி. காமுத்தாயி. அதக் கட்டுனவரு சுருளி. வேற யாருமில்ல, என் சேக்காளிதான். டாக்சி ஓட்டுனாப்ல. எங்க வீட்டுல வேற எடம் பாத்தாக, நான்தான் ஒத்தக் கால்ல நின்னு சுருளிக்கே குடுக்கணும்னு முடிச்சு வச்சேன். சாயங்காலம் ஆச்சுன்னா வண்டியக் கடை வாசல்ல போட்டுட்டு, இதே ஸ்டூல்ல ஒக்காந்து, மச்சான் டீ சொல்லுங்கன்னு ஆரம்பிச்சாப்லன்னா ஊர்க்கதை பூராம் வந்துரும். எனக்கும் சேத்து அவரே பேசிருவாப்ல. நான் ம்ம் கொட்டுனாப் போதும்.

அப்பிடி இருந்தவரு என்னைய என்ன செஞ்சாரு தெரியுமா? தங்கச்சி மக தர்சினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் பிள்ளைய ஒக்கார வச்சுக் குத்தணும். உங்க ஊர்லயும் அப்பிடித்தான? நான் சீர்த்தட்டு, மேளம், கம்மலு, பட்டுப்பாவாடை எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். கெளம்புற நேரத்துல ஒரு கேரளாக்காரரு கிளட்ச் பிளேட்டு கேட்டு வந்துட்டாரு. வண்டி ரோட்டுல நிக்கிதுன்னு கெஞ்சுறாரு. வந்த யாவாரத்த விட்டுட்டா வர முடியும்? தேடி எடுத்துக் குடுத்தேன். அது சரியில்லன்னு மறுபடி வந்தாரு. மாத்திக் குடுத்தேன். கொஞ்ச நேரந்தான் தம்பி.

நான் மேளத்தோட கோயில் வாசலுக்குப் போறேன், பிள்ளை வீல்னு அழுகுற சத்தம் கேக்குது. குத்தியாச்சு. எங்க பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்தியிருக்காக. நல்ல நேரம் போகுதுன்னு பூசாரி அவசரப்படுத்துனாராம். சுருளிதான் சரின்னு சொன்னாராம். நான் உசுரோட இருக்கேன், பக்கத்துத் தெருவுல வந்துக்கிட்டிருக்கேன், என் எடத்துல இன்னொருத்தன் ஒக்காந்திருக்கான். தட்ட அங்கனயே படியில வச்சுட்டுத் திரும்பிட்டேன். தங்கச்சி பின்னாலயே ஓடி வந்துச்சு. சுருளி வரல. நின்ன எடத்துல நின்னுக்கிட்டு என்னையவே பாத்தாப்ல.

அன்னையோட பேச்சு நின்னு போச்சு. வந்து பேச வேண்டியது யாரு? நீங்களே சொல்லுங்க. அவமானப்பட்டது நானு. நானா போயிப் பேசணும்? தங்கச்சி ரெண்டு பக்கமும் நடந்து பாத்துச்சு. அண்ணே, நீ பெரியவன், ஒரு வார்த்த பேசுண்ணே, அவரு கூச்சப்படுறாருன்னு அழுதுச்சு. கூச்சம் என்னத்த கூச்சம்? ஊர்க்கதை பேசத் தெரிஞ்ச வாயிக்கு மச்சான்னு கூப்புட வராதா?

அதுல இன்னொரு கூத்து கேளுங்க. டீ குடிக்கிறத விட்டாப்லயா? விடல. எதிர்த்தாப்ல இருக்குல்ல, அந்த டீக்கடையில நின்னு குடிப்பாப்ல. தினமும். இங்கிட்டுப் பாத்துக்கிட்டே நிப்பாப்ல. என்னைய வெறுப்பேத்தணும்னே அப்பிடி. நானும் லேசுப்பட்டவனா, பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிருவேன். கிளாச வச்சுட்டுப் போனதுக்கப்புறந்தான் பேப்பரக் கீழ எறக்குவேன்.

அது அப்பிடியே ஓடுச்சு. ஒரு கார்த்திகை மாசம், சபரிமலை சீசன். குமுளி ரோடு பூராம் சாமிமாரு வண்டிதான். எனக்கு விசக் காய்ச்சல். மூட்டு மூட்டா வலி, எந்திரிக்க முடியாமக் கெடந்து, அன்னைக்குத்தான் மொத நாளு கடைக்கு வந்து ஒக்காந்திருக்கேன். இதே மாதிரி மழை. வேலையாளு சாப்பிடப் போயிருந்தான். கடையில நான் ஒத்தையில.

சுருளி வந்தாப்ல.

எதிர்க் கடைக்குத்தான் போறாப்லன்னு நான் பேப்பர எடுத்துட்டேன். போகல. நேரா இங்க வந்து, நீங்க இப்ப நின்னீங்கல்ல, அதே எடத்துல நின்னாப்ல. சட்டையெல்லாம் ஈரம். ஒண்ணும் பேசல. நானும் பேசல. மூணாம் மனுசன் ஒருத்தன் இருந்தாலாவது அவர்கிட்டச் சொல்லுப்பான்னு ஆரம்பிக்கலாம். அதுக்கும் ஆளில்ல. மேல கெடக்குற பேன் பெல்ட்டு, பில்டரு, ஒவ்வொண்ணாப் பாத்தாப்ல. என்னையப் பாத்தாப்ல. நான் பாத்ததும் காலண்டருப் பக்கம் திரும்பிக்கிட்டாப்ல. அப்பறம் அந்தக் காலண்டர்ல இருக்குற முருகனப் பாத்துச் சொல்றாப்ல. ‘கிரீஸ் இருந்தா ஒரு கால் கிலோ வேணும்.’

எதுக்குன்னு கேக்கணும்ல? கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நான் மொதல்ல பேசுன மாதிரி ஆயிருமே. அவரு எங்கிட்டயா கேட்டாரு? முருகன்கிட்டல கேட்டாரு. நான் எந்திரிச்சுப் போனேன். அப்பெல்லாம் இந்தச் சிவப்பு வாளிதான் முன்னால இருக்கும், அதுதான் ஓடுற சரக்கு. அதுலருந்து அள்ளி, தாள்ல போட்டு நிறுத்து, பாலித்தீன்ல சுத்தி, சைக்கிள் டியூபுத் துண்டால ரெண்டு சுத்துச் சுத்தி, வாலு உள்ள போறாப்ல சொருகிக் கட்டி வச்சேன். என் கட்டு அது. இந்த ஊர்ல வேற எவனும் அப்பிடிக் கட்ட மாட்டான்.

எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான? போகல. பொட்டணத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாப்ல. வேற என்ன வேணும்னு கேட்டிருக்கலாம். நான் பேப்பர எடுத்து விரிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுச் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. எறக்கிப் பாத்தா, மழைக்குள்ள போறாப்ல.

அந்த வாரமே முடிஞ்சு போச்சு தம்பி.

சாமிமார ஏத்திக்கிட்டு மலை ஏறியிருக்காப்ல. பனி மூடிக் கெடந்திருக்கு. ஒரு வளைவுல முன் சக்கரத்து ஆக்சில் ஜாயிண்டு ஒடஞ்சு போச்சு. இஞ்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. பின்னால சரியாம இருக்க, சாமிகளா எறங்கி ஓரமாப் போங்கன்னு எல்லாரையும் எறக்கி விட்டுட்டு, இவரு கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் குடுக்கப் போயிருக்காப்ல. மேலருந்து எறங்குன வேன்காரனுக்குப் பனியில ஆளு தெரியல. சாமிமாருக்கு ஒரு கீறல் இல்ல. அவுகதான் இருமுடியக் கீழ வச்சுட்டு இவரத் தூக்கிட்டு ஓடியிருக்காக. ஒண்ணும் பிரயோசனமில்லாமப் போச்சு.

பொறந்த வீட்டுக் கோடி போடணும்ல. புருசன் செத்தாக் கூடப்பொறந்தவன்தான் சேலை கொண்டு போயிப் போடணும். காதுகுத்துக்கப்புறம் அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிச்சது கோடி போடத்தான். தங்கச்சி தலையில அந்தச் சேலையப் போட்டேன். அது என்னையக் கட்டிக்கிட்டு, ‘அண்ணே வந்துட்டியாண்ணே’ன்னு கேட்டுச்சு. அது ஒண்ணத்தான் கேட்டுச்சு.

பந்தல்ல நாலு பேரு பேசிக்கிட்டிருந்தாக. ஜாயிண்டு ஒடஞ்சு போச்சாம்ப்பா, அதுனாலதானாம்னு. என் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஆக்சில் ஜாயிண்டு. நான் குடுத்தது சிவப்பு.

இப்ப நீங்க என்னையப் பாக்குற பார்வை எனக்குப் புரியுது. என் மேல தப்பிருக்குன்னு நெனச்சுறாதீங்க. அவரு எதுக்குன்னு சொல்லல, நான் கேக்கல. சொல்லாதது யாரு தப்பு? ஊர்ல எவன்கிட்ட வேணாலும் கேளுங்க, கேட்டதக் குடுத்தவன் மேல தப்புச் சொல்ல மாட்டான். நானும் எவன்கிட்டயும் கேட்டதில்ல, அது வேற விசயம். தங்கச்சிக்கு இது தெரியாது. சொல்லணும்னு போவேன். அது சோறு போடும். சாப்பிட்டுட்டு வந்துருவேன்.

அதுக்கப்பறந்தான் கிரீஸப் பத்தித் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சேன். ஒரு டப்பா விடாமப் படிச்சேன். கம்பெனி ஆளு ஆர்டரெடுக்க வந்தா அவன ஒக்கார வச்சு, குண்டு ஜாயிண்டுக்கு என்ன, உள்பக்கம் மூணு காலு மாதிரி ஒரு ஜாயிண்டு இருக்குமே அதுக்கு என்ன, எந்தச் சூட்டுல எது உருகும்னு கேட்டுக் கேட்டு, அவன் இப்பெல்லாம் வாசல்லயே நின்னு பேசிட்டு ஓடிருறான். வர்றவுக எல்லார்கிட்டயும் எதுக்கு எதுக்குன்னு கேக்க ஆரம்பிச்சேன். ஊமைக் கடைங்கிற பேரு போயி, லொட லொட கடைன்னு ஆயிருச்சு. போனாப் போகுது. இந்தக் கடையிலருந்து ஒரு ஆளு தப்பான கிரீஸோட போகக் கூடாது.

இப்பிடியே இருந்திருக்கலாம்.

இந்தத் தை மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அது இட்லி மாவு ஆட்டி விக்கிது. சொன்னாக் கேக்காது, அண்ணன் குடுக்குறத வாங்காது. போன எடத்துல, ‘அண்ணே, கிரைண்டரு அடியில கீச்சுக் கீச்சுன்னு கத்துது. அவரு பையில ஒரு கிரீஸு கெடந்துச்சு, அதப் போடலாமான்னு பாரு’ன்னு எடுத்துட்டு வந்து கையில வைக்கிது.

பாலித்தீன் பொட்டணம். சைக்கிள் டியூபுத் துண்டு, ரெண்டு சுத்து, வாலு உள்ள சொருகியிருக்கு. என் கட்டு. பிரிக்கவே இல்ல தம்பி. அப்பிடியே இருக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சத்தம் போட்டுச் சிரிச்சேன். தங்கச்சி பயந்து போயி, என்னண்ணே ஆச்சு, என்னண்ணேங்குது. அவரு வைக்கலம்மா, என் கிரீஸ வண்டியில வைக்கவே இல்லம்மாங்கிறேன். அதுக்கு ஒண்ணும் புரியல. வண்டிய எடுத்துக்கிட்டு நேரா பரமன்கிட்டப் போனேன். அவன்தான சுருளி வண்டியப் பாத்தவன்.

‘கிரீஸா? நான் எங்கண்ணே வாங்கச் சொன்னேன்? அவரு வண்டிக்கு ரப்பர் பூட்டு மாத்துனப்பவே எங்கிட்ட இருந்த கறுப்பு கிரீஸ வச்சுத்தான் அனுப்புனேன். ஆனா ஜாயிண்டு உள்ள தேஞ்சு குழி விழுந்து போச்சு, இனி எந்தக் கிரீஸ வச்சும் பிரயோசனமில்ல, மாத்திருங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். சீசன் முடியட்டும் பரமான்னாரு.’ அவன் பாட்டுக்கு ஸ்பானரத் தொடச்சுக்கிட்டே சொல்றான்.

அப்ப என் மேல தப்பில்லன்னு ஆகிப்போச்சா இல்லையா? நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கணும். வழியில வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். வேலையெல்லாம் முடிஞ்ச வண்டிக்கு எதுக்கு கிரீஸ் வாங்குனாப்ல? மறுபடி தங்கச்சி வீட்டுக்கே போனேன். ஏம்மா, அன்னைக்குக் கடைக்கு வந்துட்டுப் போனாரே, வீட்டுல ஏதாவது சொன்னாரான்னு கேட்டேன்.

தங்கச்சி மாவ வழிச்சுக்கிட்டே, என் மூஞ்சியக்கூடப் பாக்காமச் சொல்லுச்சு. ‘உனக்குக் காய்ச்சல்னு நான்தான் சொன்னேன். பாத்துட்டு வர்றேன்னு போனாரு. போயி நின்னா வாய் வரலையாம். என்ன கேக்குறதுன்னு தெரியாமக் கிரீஸக் கேட்டுட்டு வந்துட்டேன்னாரு. கிரீஸ நிறுக்கும்போது உங்க அண்ணன் கை நடுங்குது காமு, ஆளு பாதியாப் போயிட்டாரு, கஞ்சி கிஞ்சி வச்சுக் கொண்டுபோயிக் குடுன்னாரு. சீசன் முடியவும் மறுபடி போயிப் பேசுறேன்னாருண்ணே.’

அந்தக் கஞ்சி வந்துச்சு தம்பி. மறுநாளு தூக்குச்சட்டியில வந்துச்சு. தங்கச்சி வச்சதுன்னு குடிச்சேன்.

கிரீஸ்னு நெனச்சுக்கிட்டிருந்த வரைக்கும் ஒரு மாதிரி இருந்துட்டேன். தூக்கம் வராது, சோறு எறங்காது, ஆனா விடிஞ்சா ஒரு வேலை இருந்துச்சு. படிக்கலாம், கேக்கலாம், இது கறுப்பு இது சிவப்புன்னு உங்கள மாதிரி நாலு பேருக்குச் சொல்லலாம். இதுக்கு என்னத்தத் தம்பி செய்யிறது? இத யாருகிட்டச் சொல்லி எதத் திருத்துறது?

ஆனா ஒண்ணு, நியாயத்தப் பேசணும்ல. என்னையப் பாக்க வந்தவரு, இந்தா இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. கை நடுங்குறது வரைக்கும் தெரிஞ்சிருக்கு. மச்சான்னு ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா நான் எந்திரிச்சு வந்திருக்க மாட்டேனா? கட்டிப் பிடிச்சிருக்க மாட்டேனா? நான் பேப்பருக்குப் பின்னால காதத் தீட்டிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன், கூப்புடுவாரு கூப்புடுவாருன்னு. கூப்புடல தம்பி. அவருதான் கூப்புடல.